கை அசையாதவருக்கும் கைபேசி



பிழைப்பின் நிமித்தம் ஊரை விட்டுப் பட்டணத்திற்கு வந்த நம்மில் அநேகருடைய வீடுகளில் ஒரு காரியம் ஒன்றுபோலவே நடைபெறுகிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும் ஊருக்குப் போன் செய்கிறோம். பக்கவாதத்தினால் கை விழுந்துபோன தகப்பனாரோ, மூட்டுகள் முடங்கிப் படுக்கையிலிருக்கும் தாயாரோ மறுமுனையில் இருக்கிறார்கள். மருமகளோ பேரப்பிள்ளையோ கைபேசியை அவர்களுடைய காதருகே பிடித்துக்கொள்ளுகிறார்கள். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்கிறோம். "நன்றாக இருக்கிறேன்" என்ற பதிலுக்கு மேல் ஒரு வார்த்தையும் வருவதில்லை. நாமும் ஸ்தோத்திரம் சொல்லிப் போனை வைத்துவிடுகிறோம்.

அவர்கள் ஏன் அதற்குமேல் பேசுவதில்லை என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் படுக்கையிலிருப்போரைச் சந்தித்து ஜெபித்து வருகிற நானும் அதை யோசித்ததில்லை. அந்தமானில் ஒரு சகோதரன் எனக்கு அதை உணர்த்தினார்.

மின்னி பே பகுதியில் ஒரு வீடு

2019-ஆம் ஆண்டு ஊழியத்தின் நிமித்தம் போர்ட் பிளேயருக்குச் சென்றிருந்தேன். (2024-இல் அந்நகருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்டது.) தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப்போய்க் கட்டட வேலை, மீன்பிடித் தொழில், கடை வியாபாரம் என்று அங்கே வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் அநேகம். அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தைச் சந்திக்க, அந்நகரின் மின்னி பே பகுதிக்கு என்னை அழைத்துச் சென்றார்கள்.

அந்த வீட்டுத் தலைவர் கொத்தனார். நாற்பது வயதைக் கடந்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு சாரத்திலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்து, தண்டுவடம் பாதிக்கப்பட்டிருந்தது. கால்கள் இரண்டும் அசைவதில்லை. தோளும் முழங்கையும் சற்றே அசையும். விரல்கள் ஒன்றும் அசையாது. ஆனால் அவருடைய குரலோ தெளிவாயிருந்தது. சிந்தையோ அதைவிடத் தெளிவாயிருந்தது. மனைவி நான்கு வீடுகளில் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கிவந்தார். ஒரே மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

ஜெபித்து முடித்தபின், அவருக்கு ஒரு நன்மை செய்வதாக எண்ணிக்கொண்டு, "ஊரில் யாரிடமாவது பேச வேண்டுமா?" என்று கேட்டேன். இராமநாதபுரத்தில் இருக்கும் தமக்கையின் பெயரைச் சொன்னார். நானே எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியை இயக்கி, அவர் முகத்தருகே பிடித்தேன். சபையிலிருந்து வந்த ஐந்தாறு பேர் கட்டிலைச் சுற்றி நின்றோம். "நன்றாக இருக்கிறேன் அக்கா. பாஸ்டர் ஐயா வந்திருக்கிறார். வைக்கிறேன்" என்றார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான் ஒரு நற்செயல் செய்துவிட்ட திருப்தியுடன் விடைபெற்றேன்.

2022-இல் மறுபடியும் அதே வீட்டிற்குச் சென்றேன். இம்முறை நான் கைபேசியை எடுப்பதற்கு முன்பே அவர் பேசினார். "ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஐந்து வருஷமாக நான் யாரிடம் பேசினாலும் பக்கத்தில் ஒருவர் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அக்காவிடம் எனக்குத் தனியாகப் பேச வேண்டியது ஒன்று உண்டு. ஒரே ஒரு தரம் யாரும் இல்லாமல் பேச ஒரு வழி இருக்குமா?"

நான் தலைகுனிந்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்னே, அவருடைய அந்தரங்கத்திற்குள் ஐந்தாறு பேரோடு புகுந்து நின்று, அதை உதவி என்று நான் எண்ணியிருந்தேன். அவருக்கு என்ன வேண்டும் என்று ஒருதரமும் நான் அவரையே கேட்கவில்லை. நம் ஆண்டவரோ, வழியருகே உட்கார்ந்திருந்த குருடனான பர்திமேயுவின் தேவை கண்கூடாய்த் தெரிந்திருந்தும், அவன் என்ன விரும்புகிறான் என்று அவனையே கேட்டார். வேதாகமக் கல்லூரியில் அந்தப் பகுதியை ஆராய்ந்து கட்டுரை எழுதியவன் நான். கட்டிலருகில் அதைக் கைக்கொள்ளத் தவறினேன்.

இழந்தது அல்ல, மீதியிருப்பது

அன்றிரவு எனக்கு இரண்டு பேருடைய வாழ்க்கை நினைவுக்கு வந்தது. ஒருவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954-இல் நேரிட்ட வாகன விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு அவருடைய கால்கள் செயலிழந்தன. இளம் மருத்துவரின் எதிர்காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினார்கள். அவரோ சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, விரல்கள் மடங்கிப்போன தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். உட்கார்ந்தபடி செய்யக்கூடிய அறுவைச் சிகிச்சை அது. பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவருடைய பிரயாசத்தின் பலன்.

மற்றொருவர் தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராயிருந்த அவர், 1975-இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது நேரிட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் தம் கிராமத்திலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கையைத் தூக்க இயலாத அவர் தொடங்கிய அந்த நிறுவனம் பள்ளி, மறுவாழ்வுச் சிகிச்சை, தொழிற்பயிற்சி என்று வளர்ந்தது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இவர்கள் இருவரும் எதை இழந்தோம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிராமல், எது மீதியிருக்கிறது என்று பார்த்தார்கள். மின்னி பே சகோதரனுக்கு மீதியிருந்தது தெளிவான குரலும், சற்றே அசையும் முழங்கையும், கண்ணும் சிந்தையும். இவற்றைக் கொண்டு ஒரு கைபேசியை இயக்க முடியுமா? முடியும் என்று சொன்னவர், கைபேசிக் கடையில் வேலை செய்கிற எங்கள் சபை வாலிபன் ஒருவர். அதற்கு வேண்டியவை அந்த வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த சாதாரண ஆண்ட்ராய்டு கைபேசிக்குள்ளேயே இருந்தன. ஐந்து ஆண்டுகளாக யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

கைபேசிக்குள் இருப்பவை

உங்கள் கைபேசியில் 'செட்டிங்ஸ்' என்ற அமைப்புப் பகுதிக்குள் சென்றால் 'அக்சசிபிலிட்டி' என்றொரு பிரிவு இருக்கும். சரீரக் குறைபாடு உள்ளவர்களும் கைபேசியைப் பயன்படுத்தும்படி செய்யப்பட்ட வசதிகள் அதில் உள்ளன. பார்வையற்றோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் உரியவை அங்கே உண்டு. கை கால் அசையாதோருக்கு உரியவையும் உண்டு. இவற்றிற்குத் தனியே பணம் செலுத்த வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலுள்ளவருக்கு எது மீதியிருக்கிறதோ அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, குரல் தெளிவாயிருப்பவர்களுக்கு. ஆண்ட்ராய்டு கைபேசியில் 'ஹே கூகுள்' என்று அழைத்து, இன்னாருக்குப் போன் செய் என்று சொன்னால் அது அழைக்கும். தமிழிலும் கேட்கலாம். கூகுளின் விசைப்பலகையில் ஒலிவாங்கிக் குறியை இயக்கிவிட்டுத் தமிழில் பேசினால் தமிழ் எழுத்தாகவே பதியும். 2017 முதல் இந்த வசதி தமிழுக்கு உண்டு. இவற்றுக்கு மேலானது 'வாய்ஸ் அக்சஸ்' என்ற செயலி. இது 2018-இல் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. இதை இயக்கியபின் திரையில் அழுத்தக்கூடிய ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண் தோன்றச் செய்யலாம். எந்த எண்ணைச் சொல்லுகிறீர்களோ அது அழுத்தப்படும். இதை ஆங்கிலக் கட்டளைகளோடு பழகுவது எளிது. 'ஓப்பன்', 'டேப்', 'கோ பேக்', 'கோ ஹோம்', 'ஸ்க்ரோல் டவுன்', 'ஷோ நம்பர்ஸ்' என்னும் ஆறு கட்டளைகளும், எண்களின் ஆங்கிலப் பெயர்களும் தெரிந்தால் பெரும்பாலான வேலைகள் நடந்துவிடும். ஐபோனில் இதைப் போன்றது 'வாய்ஸ் கன்ட்ரோல்', 2019-இல் வந்தது.

இரண்டாவது, கை சற்றே அசைகிறவர்களுக்கு. விரல் மடங்கியிருந்தாலும் முழங்கை அசையுமானால், கைபேசித் திரைக்கென்று விற்கப்படும் தொடுகோல் ஒன்றை உள்ளங்கையோடு பட்டையால் கட்டிக்கொண்டு திரையைத் தொடலாம். வாயில் கவ்விக்கொண்டு தொடுகிறவர்களும் உண்டு. காலின் பெருவிரல் அசைகிறதா? 'ஓடிஜி' என்ற சிறு இணைப்பியின் மூலம் கணினி மவுஸ் ஒன்றை ஆண்ட்ராய்டு கைபேசியில் பொருத்திப் பாதத்தின் அருகே வைத்துக்கொள்ளலாம். திரையில் அம்புக்குறி தோன்றும். மவுஸை அழுத்த முடியாவிட்டால், அம்புக்குறி ஓரிடத்தில் சற்று நின்றாலே தானாக அழுத்தும்படியும் அமைக்கலாம். இந்த இணைப்பியின் விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

மூன்றாவது, ஒரே ஓர் அசைவு மட்டும் உள்ளவர்களுக்கு. 'ஸ்விட்ச் அக்சஸ்' என்ற வசதியில், திரையிலுள்ள ஒவ்வொன்றையும் ஒரு கட்டம் வரிசையாகச் சுற்றிக் காட்டிக்கொண்டே போகும். வேண்டிய இடத்திற்கு அந்தக் கட்டம் வரும்போது ஒரு பொத்தானை ஒருதரம் அழுத்தினால் போதும். இதற்கென்றே பெரிய பொத்தான்கள் விற்கின்றன. அவை கிடைக்காவிட்டால் பழைய கணினி விசைப்பலகையை இணைத்து, அதிலுள்ள ஒரு விசையையே பொத்தானாக வைத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டின் 12-ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2021 முதல், பொத்தானும் இல்லாமல் கைபேசியின் முன்பக்கக் கேமராவே முகத்தைக் கவனிக்கும். புன்னகை செய்வது, புருவத்தை உயர்த்துவது, வாயைத் திறப்பது, இடமோ வலமோ மேலோ பார்ப்பது ஆகிய ஒவ்வொன்றையும் ஒரு பொத்தானாக அமைக்கலாம். ஐபோனில் 'ஸ்விட்ச் கன்ட்ரோல்' 2013 முதல் உண்டு. 2024-இல் வந்த பதிப்பில், ஐபோன் 12 முதலான கைபேசிகளைக் கண்ணின் பார்வையாலேயே இயக்கும் வசதியும் சேர்க்கப்பட்டது.

நான்காவது, கை நடுங்குகிறவர்களுக்கு. முதிர்வயதினாலோ நரம்புத் தளர்ச்சியினாலோ கை நடுங்கினால், ஒருதரம் தொடுவது மூன்று தொடுதலாய்ப் பதிந்து, வேண்டாதது திறந்துகொள்ளும். 'எனக்கு இது வராது' என்று பெரியவர்கள் கைபேசியை ஒதுக்கிவிடுவதற்கு இதுவே அநேகந்தரம் காரணம். எவ்வளவு நேரம் அழுத்தினால் தொடுதலாகக் கருத வேண்டும் என்பதை மாற்றி அமைக்கலாம். ஐபோனிலும் சாம்சங் முதலான கைபேசிகளிலும், அடுத்தடுத்து விழும் தொடுதல்களைப் புறக்கணிக்கும்படியும் செய்யலாம். பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்தப் பெலனில்லாதவர்களுக்காக, ஒலியைக் கூட்டுவதும் திரையைப் பூட்டுவதும் திரையிலேயே பெரிய குறிகளாக வரும். ஆண்ட்ராய்டில் இது 'அக்சசிபிலிட்டி மெனு'. ஐபோனில் 2011 முதல் இருக்கும் 'அசிஸ்டிவ் டச்'.

வரும் அழைப்பை எடுக்க இயலாதவர்களுக்காக, சில விநாடிகளில் தானாகவே எடுத்துக்கொள்ளும் அமைப்பு ஐபோனில் உண்டு. ஆனால் இதில் ஒரு கவனம் தேவை. யார் அழைத்தாலும் அது திறந்துகொள்ளும். அறையில் பேசுவது அவர்களுக்குக் கேட்கும். இதை இயக்கலாமா என்று படுக்கையிலிருப்பவரிடமே கேட்டுச் செய்யுங்கள்.

முதல் நாள் தோல்வி

இவ்வளவும் வாசித்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். மின்னி பே வீட்டில் முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. மேலே சுழன்ற மின்விசிறியின் சத்தத்தில் அவருடைய குரல் கைபேசிக்கு எட்டவில்லை. தமக்கையின் பெயரோ ஆங்கில எழுத்துக்களில் நீளமாகச் சேமிக்கப்பட்டிருந்தது. அவர் அந்தப் பெயரைச் சொல்லச் சொல்ல, கைபேசி வேறு யாரையோ தேடியது. கட்டிலில் சாய்த்து வைத்த கைபேசி இரண்டு தரம் சரிந்து விழுந்தது. மாலையில் மின்கலமும் தீர்ந்தது. "விட்டுவிடுங்கள் தம்பி, எனக்கு இது வாய்க்காது" என்று அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வாலிபனோ மறுநாளும் வந்தார். கைபேசி அவருடைய முகத்திற்கு நேர்மேலே இல்லாமல், விழுந்தாலும் அடிபடாதபடி பக்கவாட்டில் நிற்கும்படியாக, வளையும் கழுத்துள்ள தாங்கி ஒன்றைக் கட்டில் சட்டத்தில் பொருத்தினார். மின்னேற்றும் கம்பியை நிரந்தரமாகச் செருகி, கட்டில் காலோடு கட்டினார். ஒலிவாங்கியுள்ள சாதாரணக் காதணி ஒன்றை இணைத்ததும் விசிறிச் சத்தம் தடையாயிருக்கவில்லை. தமக்கையின் பெயரை எடுத்துவிட்டு 'அக்கா' என்று மட்டும் பதிந்தார். மனைவிக்கும் மகளுக்கும் அவர் வழக்கமாய் எப்படி அழைப்பாரோ அந்தப் பெயர்களையே வைத்தார். தவறாய்க் கேட்டால் நிறுத்தச் சொல்லும் கட்டளையைத்தான் எல்லாவற்றிற்கும் முன்னதாகக் கற்றுக்கொடுத்தார். நான்காம் நாள் காலையில் அவர் தாமாகவே மகளுடைய கைபேசிக்கு அழைத்தார். பக்கத்து அறையில் இருந்த அந்தப் பிள்ளை ஓடிவந்து, "அப்பா, நீங்களா?" என்று கேட்டாள். அவள் முகத்தை நான் மறக்கமாட்டேன்.

மனைவிக்குக் கிடைத்த ஒரு மணி நேரம்

இதில் நான் எதிர்பாராத ஒரு பலன் உண்டாயிற்று. அதுவரை அந்தச் சகோதரி வேலைக்குப் போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டு, பதற்றத்தோடு போய்ப் பதற்றத்தோடு திரும்புவார். ஒருநாள் அவர் சந்தைக்குப் போயிருந்த வேளையில் போர்வை முகத்தில் சரிந்து, இவர் அரை மணி நேரம் மூச்சுக்குத் தவித்ததை என்னிடம் சொல்லி அழுதார். இப்போது தேவையானால் அவரே அழைப்பார் என்ற தைரியம் வந்தது. "ஐயா, இன்றைக்குத்தான் கடையில் நின்று காய்கறியைப் பார்த்து வாங்கினேன்" என்று அவர் சொன்னபோது, ஒருவர் படுக்கையில் விழும்போது அவரோடு கட்டுண்டு போகிற இன்னொருவரையும் நாம் நினையாதிருக்கிறோம் என்று எனக்குத் தெரிந்தது.

தீவுகளில் வாழ்வோருக்கு இது வேறொரு விதத்திலும் முக்கியம். சென்னையையும் போர்ட் பிளேயரையும் கடலுக்கடியில் இணைக்கும், ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளமான கண்ணாடியிழைக் கம்பி 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன்பு செயற்கைக்கோள் வழியாகவே இணையம் வந்ததால் வேகம் மிகவும் குறைவு. காணொளி அழைப்பு என்பது அரிது. இப்பொழுதோ இராமநாதபுரத்திலுள்ள தமக்கையின் முகத்தைக் கட்டிலிலிருந்தே பார்க்க முடிகிறது. ஆயினும் மழைக்காலத்தில் மின்சாரமும் இணைப்பும் எங்கும் தடைபடக்கூடும். பேச்சைப் புரிந்துகொள்ளும் வசதிகளில் சிலவற்றுக்கு இணையம் வேண்டும். தொடுகோல், மவுஸ், பொத்தான் ஆகியவற்றுக்கு அது வேண்டாம். ஆகையால் ஒரு வழியை மாத்திரம் நம்பாமல் இரண்டு வழிகளைப் பழக்கிவையுங்கள்.

எச்சரிக்கையாயிருங்கள்

இந்த வசதிகளில் ஓர் ஆபத்தும் உண்டு. அதை மறைப்பது நியாயமல்ல. அக்சசிபிலிட்டி அனுமதி பெற்ற ஒரு செயலியால் திரையிலுள்ளதை வாசிக்கவும், உங்களுக்குப் பதிலாக அழுத்தவும் முடியும். கை அசையாதவருக்கு அதனால்தான் அது உதவுகிறது. அதே காரணத்தினால் வஞ்சகரும் அந்த அனுமதியையே நாடுகிறார்கள். 'வங்கியிலிருந்து பேசுகிறோம், இந்தச் செயலியைப் பதித்துக்கொள்ளுங்கள்' என்று வாட்ஸ்ஆப்பில் வரும் எதையும் பதிக்காதீர்கள். கூகுள், ஆப்பிள் நிறுவனங்களே கைபேசியோடு தரும் வசதிகளுக்கு மட்டும் இந்த அனுமதியைக் கொடுங்கள். வேறொரு செயலி இதைக் கேட்டால், அதை நன்கு அறிந்தவரைக் கேளாமல் கொடுக்காதீர்கள்.

பின் எண்ணையும், வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. கைபேசியைக் குரலால் இயக்குகிறவருக்கு இது ஒரு நடைமுறைச் சிக்கலே. ஆகையால் பெரிய தொகையுள்ள கணக்கை அந்தக் கைபேசியோடு இணைக்காமல், செலவுக்கு வேண்டிய சிறிய தொகையுள்ள கணக்கை மாத்திரம் வைத்துக்கொள்வது நலம். ஆனாலும் அந்தக் கணக்கின் குறுஞ்செய்தி அவருக்கே வரட்டும். தம்முடைய பணம் எவ்வளவு என்று அறிவது அவருடைய உரிமை.

ஆம், இது உரிமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 21 வகையான குறைபாடுகளை அது அங்கீகரிக்கிறது. அமிலவீச்சினால் கண் இமைகள் பாதிக்கப்பட்டுக் கண் சிமிட்ட இயலாத பிரக்யா பிரசூன் என்ற பெண்மணி, கைபேசி கேமராவின் முன் கண் சிமிட்டினால்தான் வங்கிக் கணக்கு என்ற நிபந்தனையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றார். மின்னணுச் சேவைகளை அடைவதும் அரசியலமைப்பு காக்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று 2025 ஏப்ரல் 30 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, 20 கட்டளைகளையும் பிறப்பித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நம் தேசத்தில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர்; அவர்களில் ஏறக்குறைய 54 லட்சம் பேர் உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள். அவர்களில் சிலர் நம்முடைய சபைகளிலும் நம்முடைய வீடுகளிலும் இருக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

பிரியமானவர்களே, வருகிற விடுமுறையில் நீங்கள் ஊருக்குப் போகும்போது துணிமணியோடும் பலகாரத்தோடும் ஒரு முழு நாளையும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் தகப்பனார் அருகில் உட்கார்ந்து, "அப்பா, இந்தப் போனில் நீங்களாகவே என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள்?" என்று கேளுங்கள். பழைய பாடலைக் கேட்க வேண்டும் என்பாராக இருக்கும். சிநேகிதரிடம் பேச வேண்டும் என்பாராக இருக்கும். வேத வசனத்தைத் தாமே திறந்து வாசிக்க வேண்டும் என்பாராக இருக்கும். அந்த ஒன்றை மட்டும் முதலில் பழக்குங்கள். ஒரே நாளில் பத்தைத் திணித்தால் பத்தும் வீணாகும். ஒன்று கைவந்தால் மற்றவை தாமாகவே வரும்.

சபை வாலிபருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கைபேசியோடு அதிக நேரம் செலவிடுகிறீர்கள் என்று எங்களைப் போன்ற மேய்ப்பர்கள் கண்டித்துக்கொண்டே இருக்கிறோம். மின்னி பே வாலிபன் அந்த அறிவைக்கொண்டு செய்த காரியத்தை ஒரு மேய்ப்பனாகிய என்னால் செய்ய முடியவில்லை. உங்கள் சபையில் படுக்கையிலிருக்கும் ஒருவருடைய வீட்டிற்குப் போங்கள். நான்கு நாள் பொறுமையோடு போங்கள். இரண்டாம் நாள் அவர் சலித்துக்கொள்வார். மூன்றாம் நாளும் போங்கள்.

சுகத்திற்காக நாம் ஜெபிக்கிறோம், தொடர்ந்து ஜெபிப்போம். ஆனால் சுகம் வரும் மட்டும் அந்த மனிதர் காத்திருக்கிற நாட்களும் அவருடைய வாழ்நாட்களே. அந்த நாட்களில் அவர் தம் விருப்பப்படி ஒருவரை அழைக்கவும், தம் இரகசியத்தைத் தமக்குள் வைத்துக்கொள்ளவும் வழிசெய்வது ஊழியத்திற்குப் புறம்பானது அல்ல.

நான் புறப்படுகிற நாளில் அந்த வீட்டிற்கு விடைபெறச் சென்றேன். வாசலிலேயே சகோதரி என்னைத் தடுத்து, "ஐயா, சற்று இருங்கள். அவர் அக்காவிடம் பேசிக்கொண்டிருக்கிறார்" என்றார். அறைக் கதவு சாத்தியிருந்தது. கதவைச் சாத்தச் சொன்னவரும் அவரேயாம். திண்ணையில் உட்கார்ந்தேன். நாற்பது நிமிடங்களுக்குமேல் ஆயிற்று. நடுவில் ஒருதரம் அழுகையும், பிறகு ஒருதரம் சிரிப்பும் கேட்டதுபோலிருந்தது. வார்த்தைகள் எதுவும் வெளியே வரவில்லை.

அவர் தம் தமக்கையிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை.

கர்த்தர் உங்களையும், உங்கள் வீடுகளில் பெலவீனமாயிருக்கிற ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக.